தைமசுச் சுரப்பி பரீட்சை மண்டபமா?

நெஞ்சென்பின் பின்னால், இதயத்தின் மேற்புறத்தில் அமைந்துள்ள தைமசுச் சுரப்பியைப் பற்றி உயர்தர வகுப்பு முதல் பல்கலைக்கழக விரிவுரை மண்டபம் வரை ஒரே கதை சொல்லப்பட்டு வருகிறது. என்பு மச்சையிலிருந்து புறப்படும் இளங்கலங்கள் அச்சுரப்பியாகிய பாடசாலையிற் சேர்கின்றன. அங்கே அவற்றுக்குப் பரீட்சை வைக்கப்படுகிறது. உடலின் சொந்தப் பொருள்களை வன்மையாகப் பற்றும் கலங்கள் துரோகிகளெனக் கண்டறியப்பட்டுக் கொல்லப்படுகின்றன. எஞ்சியவை சான்றிதழ் பெற்ற ரீ-கலங்களாகக் குருதியிற் புகுந்து உடலைக் காக்கின்றன. கதை எளியது, நினைவில் நிற்பது, வினாத்தாளிற் புள்ளிகளைப் பெற்றுத் தருவது. அது பாதி உண்மை என்பதே அதன் குற்றம். முழுப் பொய்யாயின் என்றோ களையப்பட்டிருக்கும்.

மறைக்கப்பட்ட மறுபாதி யாதெனின், சொந்தப் பொருளை வன்மையாகப் பற்றுங் கலங்களுள் ஒரு சாரார் கொல்லப்படுவதில்லை என்பதாகும். கொல்லப்படாதது மட்டுமன்று, அந்த வன்மையான பற்றே அவற்றின் பிறப்புக்குக் காரணமாகிறது. அவ்வாறு உருவாகுங் கலங்களையும், அவற்றோடு வேறு வழியில் உருவாகும் காமா-டெல்டாக் கலங்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘மரபுசாரா ரீ-கலங்கள்’ என்று பெயரிட்டுப் பாடநூலின் கடைசிப் பக்கத்திற் சிறிய எழுத்தில் ஒதுக்கிவிடுவது வழக்கமாயிற்று. பெரும்பாலான விரிவுரைகள் அப்பக்கத்தை எட்டுவதற்கு முன்னரே தவணை முடிந்துவிடுகிறது.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் இருந்து இவ்வழக்கத்தை மறுத்துரைப்பதற்குத் தனிக்காரணம் உண்டு. நிலாவெளி வீதியிலுள்ள வளாகத்திற் சித்த மருத்துவம் பயிலும் மாணவர் நவீன உடற்கூற்றியலையும் உடற்றொழிலியலையும் சேர்த்தே கற்கின்றனர். அவர்களுக்குக் கிடைப்பதும் இதே கதைதான். ஆயினும் அக்கதையைத் தகர்க்கும் சான்றுகள் அவர்களைச் சுற்றியே கிடக்கின்றன: கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் இறக்கப்படும் சுறாவிலும் திருக்கையிலும், கிண்ணியாவின் எருமைப் பட்டிகளில், இம்மாவட்டத்தின் பழைய மலேரியா வரலாற்றில். பாடநூலின் கதையோ பெரும்பாலும் ஆய்வுகூடத்துக்கென வளர்க்கப்பட்ட ஒருசில சுண்டெலி இனங்களிலிருந்து எழுந்தது. துறைமுகத்தில் நிற்பவனுக்குச் சுண்டெலியைக் காட்டி, அதுவே முள்ளந்தண்டுளிகள் அனைத்தினதும் மரபு என்று நம்பச் சொல்வது எவ்வகை நியாயம்?

முதலில் நிகழ்வதை உள்ளவாறு நோக்குதல் வேண்டும். தைமசுவின் மேற்பட்டையில் இளங்கலங்கள் தம் பரம்பரையலகுத் துண்டுகளை மாற்றியடுக்கி, ஒவ்வொன்றும் ஒரு புதிய வாங்கியை உண்டாக்குகின்றன. அல்பா, பீற்றா என்னும் இரு சங்கிலிகளாலான வாங்கியைப் பெற்ற கலங்கள், அங்குள்ள மேலணிக் கலங்கள் தாங்கிநிற்கும் புரதத் துணுக்குகளைத் தொட்டுப் பார்க்கின்றன. எதனையும் பற்றவியலாதவை மடிகின்றன. மெலிதாகப் பற்றுபவை வாழ்கின்றன. வன்மையாகப் பற்றுபவற்றுட் பல மடிகின்றன. இவ்வளவும் உண்மை. தைமசுவில் உருவாகுங் கலங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை அங்கேயே அழிகின்றன என்பதும் உண்மை. ஆனால் அழிபவற்றுட் பெரும்பகுதி துரோகத்துக்காகத் தண்டிக்கப்பட்டவை அல்ல. எவரும் கைகொடாமையாற் புறக்கணிப்பில் மடிந்தவை. தூக்குமேடைக் கதை இவ்விடத்திலேயே முதலடி வாங்குகிறது.

இரண்டாம் அடி இன்னும் வலியது. பரீட்சையை நடத்துபவர் யார்? கதையின்படி ஆசிரியர், அதாவது மேலணிக் கலம். ஆனால் மாறாவாங்கி கொண்ட இயற்கைக்கொல்லி ரீ-கலங்கள் எனப்படும் இனத்தை எடுத்துக்கொண்டால், அவற்றைத் தெரிவு செய்வது மேலணிக் கலமன்று. பக்கத்திலிருக்கும் மற்றோர் இளங்கலமே. அவ்விளங்கலங்கள் சீ.டி.1டி என்னும் மூலக்கூறைத் தம் மேற்பரப்பில் ஏந்தி, அதில் இலிப்பிட்டுப் பொருளைக் காட்டுகின்றன. புரதத்துக்கு அங்கே இடமில்லை. மாணவன் மாணவனைத் தேர்கிறான். வினாவும் பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது. அத்தோடு, தெரிவு செய்யுங் கலமும் செய்யப்படுங் கலமும் ஒன்றையொன்று பற்றும் வேறு மூலக்கூறுகளின் வழியே இரண்டாவது சைகை ஒன்றும் கைமாறல் வேண்டும். அந்தச் சைகையை உள்ளே கடத்தும் சாப் என்னும் சிறு புரதம் பிறவியிலேயே இல்லாத ஆண்பிள்ளைகள் சிலர் உளர். எப்ஸ்ரீன்-பார் வைரசு தொற்றினால் அவர்களது நிணநீர்க்குழியங்கள் கட்டுக்கடங்காது பெருகுவதுண்டு. உயிருக்கே அது உலைவைக்கும். அவர்களது குருதியில் இயற்கைக்கொல்லி ரீ-கலங்கள் இல்லை என்பது 2005இல் அறியப்பட்டது. மரபுவழிப்பட்ட ரீ-கலங்களோ அவர்களிடம் உள்ளன. ஒரே சுரப்பிக்குள் இரு வழிகள் இயங்குகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மூன்றாவது, இக்கலங்கள் சான்றிதழ் பெற்ற பின்னர் வேலை தேடி அலைபவை அல்ல. தெரிவின்போது கிடைக்கும் வன்மையான சைகை பி.எல்.இசட்.எஃப் என்னும் கட்டுப்பாட்டுப் புரதத்தை எழுப்புகிறது. இதன் பங்கு 2008இல் தெளிவாயிற்று. அப்புரதம் எழுந்த கலம், தைமசுவை விட்டு நீங்கு முன்னரே தன் தொழிலைக் கற்றுவிடுகிறது; சுண்டெலியில் இவற்றுட் சில, சுரப்பிக்குள் இருந்தவாறே சைற்றோகைன்களைச் சுரந்து அயலிலுள்ள மரபுவழிக் கலங்களின் இயல்பையும் மாற்றுகின்றன. மரபுவழிக் கலம் முதன்முறையாகப் பகையைச் சந்தித்துப் பெருகித் தொழிலுக்கு ஆயத்தமாகப் பல நாள்கள் செல்லும். இவையோ சில மணி நேரத்தில் எழுந்து நிற்கும். பரீட்சை மண்டப உவமைக்குள் இதனை எவ்வாறு அடக்குவது? மண்டபத்தின் வாயிலில் நியமனக் கடிதம் வழங்கப்படுகிறது என்று நீட்டலாம். உவமையை இவ்வாறு நீட்டிக்கொண்டே போவோர், கலத்தை விட்டுவிட்டு உவமைக்கு வைத்தியம் பார்க்கின்றனர்.

இயற்கைக்கொல்லி ரீ-கலங்கள் அறிஞர் கண்ணிற் பட்ட வரலாறும் கடலோரத்தவர் கேட்டு மகிழத்தக்கது. யப்பானின் கிரின் என்னும் பியர் கம்பனியின் மருந்தாய்வுப் பிரிவினர், ஒக்கினாவாக் கடலிலிருந்து எடுத்த அகெலாசு என்னும் கடற்பஞ்சிற் புற்றுநோயை எதிர்க்கும் இலிப்பிட்டு வகையொன்றைக் கண்டனர். அதனைத் திருத்தியமைத்துப் பெறப்பட்ட அல்பா-கலக்ரோசைல் செரமைட்டு என்னும் பொருள், சீ.டி.1டி வழியாக இவ்வினக் கலங்களையே எழுப்புகிறது என்று 1997இல் நிறுவப்பட்டது. இன்றும் இக்கலங்களை எண்ணுவதற்கும் பிரித்தெடுப்பதற்கும் ஆய்வுகூடங்கள் கையாளும் கருவி அக்கடற்பஞ்சின் வழிவந்த பொருளே. புறாத்தீவின் பவளப்பாறைகளை உல்லாசப் பயணிகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணுவோர் இதனை ஒருமுறை சிந்தித்தல் நன்று.

அடுத்து, தைமசு மூடிய மண்டபம் என்னும் எண்ணம். சுரப்பிக்குள் உடலின் சொந்தப் பொருள்களே காட்டப்படுகின்றன. வெளியுலகம் உள்ளே வராது. ஆகவே அங்கே தேறிய கலத்துக்குத் தன்னது எது, பிறிது எது என்று தெரியும். இக்கூற்றின் மீதே பரீட்சைக் கதை முழுவதும் கட்டப்பட்டுள்ளது. சளிச்சவ்வு சார்ந்த மாறாவாங்கி ரீ-கலங்கள் இக்கூற்றை வேரோடு சாய்த்தன. கிருமியற்ற சூழலில் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளில் இக்கலங்கள் இல்லை என்பது 2003இல் வெளிவந்தது. அவை எம்.ஆர்.1 என்னும் மூலக்கூறு ஏந்தும் விற்றமின் பி-2 சார்ந்த பொருள்களையே உணர்கின்றன என்று 2012இல் மெல்பேண் ஆய்வாளர் காட்டினர். மனித உடல் அவ்விற்றமினை ஆக்கமாட்டாது. பற்றீரியாக்களும் மதுவங்களும் ஆக்கும். எனவே அவ்விற்றமினை ஆக்கும் வழியிற் பிறக்கும் இடைப்பொருள், நுண்ணங்கி அங்கே உண்டு என்பதற்கு அறிகுறியாகிறது. 2019இற் பாரிசு ஆய்வாளர் மேலும் ஒரு படி சென்றனர். குடலிலும் தோலிலும் வாழும் பற்றீரியாக்கள் ஆக்கும் அப்பொருள் உடலுட் புகுந்து தைமசுவையே சென்றடைகிறது. அங்கே இளங்கலங்களின் எம்.ஆர்.1 மூலக்கூறிற் பொருந்தி, இவ்வினக் கலங்களின் வளர்ச்சியைத் தூண்டுகிறது.

இதன் பொருளை நிதானமாக எண்ணுதல் வேண்டும். வெளியிலிருந்து வந்த நுண்ணங்கியின் பொருள், தன்னதைக் கற்பிக்கும் இடமெனப் போற்றப்பட்ட சுரப்பிக்குள் நுழைகிறது. நுழைந்து, கலமொன்றை அழிக்காமல் வளர்க்கிறது. குழந்தையின் குடலிற் குடியேறும் நுண்ணங்கிகள் தைமசுவின் பாடத்திட்டத்தில் ஒரு பகுதியை எழுதுகின்றன. மனிதரில் இக்கலங்கள் தைமசுவிலிருந்து முழுமை பெறாமலே வெளியேறி, பின்னர் இழையங்களில் முதிர்கின்றன. பிறக்கும்போது குருதியிற் சிலவாக இருப்பவை ஆண்டுகள் செல்லச் செல்லப் பெருகுகின்றன. பரீட்சை மண்டபத்துக்குக் கதவும் இல்லை, இறுதி மணியும் இல்லை. சிலர் இதைக் கேட்டவுடன், அப்படியானால் தைமசுவைச் சுங்கச்சாவடி கொண்ட துறைமுகம் எனலாமே என்பர். திருகோணமலையிற் பேசுவதற்கு அது கவர்ச்சியான உவமையே. ஒரு பிழையான உவமையின் இடத்தில் இன்னொன்றைக் குடியேற்றுவதால் வரும் பயன் யாது?

‘இவை எண்ணிக்கையிற் சிலவே, சிலவற்றுக்காகப் பாடத்தை மாற்றவேண்டுமா?’ என்பது வழமையான தடை. எங்கே எண்ணினார்கள் என்று திருப்பிக் கேட்டல் வேண்டும். மனிதக் குருதியிலுள்ள ரீ-கலங்களில் நூற்றுக்கு 1 முதல் 10 வரை சளிச்சவ்வு சார்ந்தவை. ஈரலில் அவை 20 முதல் 45 வரை உயர்கின்றன. ஆய்வுகூடச் சுண்டெலியில் இவ்வினம் மிக அரிது. அதற்கு மாறாக இயற்கைக்கொல்லி ரீ-கலங்கள் சுண்டெலியின் ஈரலில் மிகுதி, மனிதக் குருதியில் மிக அரிது. எனவே ‘சில’, ‘பல’ என்பன எந்த விலங்கின் எந்த உறுப்பைப் பார்த்தோம் என்பதைப் பொறுத்தவை. சுண்டெலியின் மண்ணீரலில் எண்ணியதை உலக நியதியாக்கி, அந்நியதிக்கு அடங்காதவற்றை மரபுக்குப் புறம்பானவை என்றனர்.

கிண்ணியாத் தயிரை விரும்பி உண்போர் பலர். அத்தயிரைத் தரும் எருமையின் குருதியைப் பற்றி நினைப்போர் சிலர். அசைபோடும் விலங்குகளிற் காமா-டெல்டாக் கலங்கள் மிகுதி. இளங்கன்றுகளின் குருதியிலுள்ள நிணநீர்க்குழியங்களில் அவை நூற்றுக்கு 60 வரையும் அமைவதுண்டு. ஆட்டிலும் கோழியிலும் அவை பெருந்தொகையின. மாட்டு வைத்தியர் ஒருவர் ரீ-கல வரலாற்றை எழுதப் புகுந்திருந்தால், காமா-டெல்டாவே மரபு என்றும், மனிதனும் சுண்டெலியும் மரபு தவறிய விலங்குகள் என்றும் எழுதியிருப்பார். அவரை மறுப்பதற்கு நியாயம் ஒன்றும் இராது.

கண்டுபிடிப்பின் வரிசையே இப்பெயரீட்டின் உண்மைக் காரணம். 1984இற் சுசுமு தொனெகாவாவின் குழுவினர் அல்பாச் சங்கிலியின் பரம்பரையலகைத் தேடியபோது அவர்கள் கையிற் சிக்கியது காமாச் சங்கிலியினது. தேடாதது கிடைத்தது. 1986இல் அச்சங்கிலியை உடைய கலங்கள் உண்மையிலேயே உள்ளன என்பது உறுதியாயிற்று. முன்னர் அறியப்பட்டது மரபாயிற்று. பின்னர் அறியப்பட்டது மரபுசாராததாயிற்று. உயிரினத்தின் வரலாற்றிலோ வரிசை இவ்வாறு அமையவில்லை. தாடையுடைய முள்ளந்தண்டுளிகளுள் மிகப் பழைய கிளையாகிய சுறாவிலும் திருக்கையிலும் அல்பா, பீற்றா, காமா, டெல்டா ஆகிய நான்கு சங்கிலிகளும் உள்ளன. அவற்றினும் முற்பட்டுப் பிரிந்த தாடையற்ற இலாம்பிரே மீனில் வாங்கிகள் முற்றிலும் வேறானவை. எனினும் அதன் செவுள்களின் நுனியில் தைமசுவை ஒத்த இழையம் உண்டென 2011இலும், அதன் நிணநீர்க்குழியங்களுள் ஒருவகை காமா-டெல்டாவை ஒத்தது என 2013இலும் அறியப்பட்டது. ஏறத்தாழ ஐம்பது கோடி ஆண்டுகளாகத் தொடரும் ஒரு பிரிவினையில் எது மரபு, எது மரபின் புறம்?

முளையத்தின் வரிசையும் இதையே பேசுகிறது. சுண்டெலியின் முளையத் தைமசுவில் முதலில் உருவாகும் ரீ-கலங்கள் காமா-டெல்டா இனத்தவை. அவை அலையலையாகப் பிறந்து, ஒவ்வோர் அலையும் தனக்குரிய இழையத்திற் குடியேறுகின்றது. முதலலை தோலுக்குச் செல்லும். அவ்வலையை முதிர்ந்த விலங்கின் என்பு மச்சையைக் கொண்டு மீண்டும் உண்டாக்க முடியாதென்பது 1990இலேயே காட்டப்பட்டது. ஒரு பருவத்தில் மட்டும் திறக்கும் வழி அது. மனித முளையத்திலும் குருதியிற் பின்னர் பெருகவிருக்கும் காமா-9 டெல்டா-2 இனம் பிறப்புக்கு முன்னரே தோன்றிவிடுகிறது. எல்லாரும் ஒரே மணியடித்து ஒரே வினாத்தாளை எழுதும் மண்டபம் எங்கே, பருவந்தோறும் வேறு வேறு கலங்களைப் பெற்று வேறு வேறு இடங்களுக்கு அனுப்பும் இச்சுரப்பி எங்கே!

அந்தக் காமா-9 டெல்டா-2 கலங்களுக்கும் இம்மாவட்டத்துக்கும் பழைய உறவொன்று உண்டு. உலர் வலயத்தைச் சேர்ந்த திருகோணமலை நெடுங்காலம் மலேரியாவின் பிடியிற் கிடந்தது. மலேரியா ஒட்டுண்ணியின் உடலினுள், பாசியின் வழிவந்ததாகக் கருதப்படும் நுண்ணுறுப்பொன்று இருக்கிறது. அது ஆக்கும் பொசுபேற்றுச் சேர்வையை இக்கலங்கள் உணர்ந்து பெருகுகின்றன. அதே சேர்வையைப் பல பற்றீரியாக்களும் ஆக்குகின்றன. காய்ச்சலின்போது மனிதக் குருதியில் இக்கலங்கள் பெருகுவதும், மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளாகும் சிறுவரில் அவை குறைந்து தளர்வதும் ஆபிரிக்காவில், குறிப்பாக உகண்டாவில், ஆராயப்பட்டுள்ளன. இலங்கையில் உள்ளூர்த் தொற்று 2012இல் இறுதியாகப் பதிவாயிற்று. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இந்நாட்டை மலேரியாவற்ற நாடாக அறிவித்தது. எனவே காய்ச்சலில் உழன்ற முதியோரும் அக்காய்ச்சலையே காணாத இளையோரும் இன்று ஒரே வீட்டில் வாழ்கின்றனர். இவ்வேறுபாடு அவர்களது காமா-டெல்டாக் கலங்களிற் சுவடு விட்டிருக்கிறதா என்பது இங்கேயே கேட்கப்படவேண்டிய வினா. பாடநூலின் கடைசிப் பக்கத்தை எட்டாத மாணவனுக்கு அவ்வினா எவ்வாறு தோன்றும்?

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குத் தைமசுவின் வரலாறே விடை சொல்லும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காரணமின்றித் திடீரென இறந்த குழந்தைகளின் தைமசு பெரிதாக இருப்பதை மருத்துவர் கண்டனர். ‘இயல்பான’ தைமசுவின் அளவென அவர்கள் கொண்டிருந்தது, நீண்ட நோயிலும் பட்டினியிலும் வாடி இறந்தோரின் உடல்களில் அளந்தது. துன்பத்தாற் தைமசு சுருங்கும் என்பதை அவர்கள் கருதவில்லை. சுருங்கியதை இயல்பென்றும் நலமானதை வீக்கமென்றும் பெயரிட்டனர். அப்பெயரை நம்பி 1907 முதல் பல்லாயிரம் குழந்தைகளின் கழுத்திலும் நெஞ்சிலும் எக்ஸ்-கதிர் பாய்ச்சப்பட்டது. அவ்வாறு கதிர்பட்டோரிடம் தைரொயிட்டுப் புற்றுநோய் தோன்றுவது 1950இற் சுட்டிக்காட்டப்பட்டது. இயல்பு எது என்று சொல்லும் அதிகாரத்தை எங்கிருந்து பெற்றோம் எனக் கேளாமையின் விலை அது.

பெரியோரும் இவ்விடத்திற் சறுக்கியுள்ளனர். பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் தைமசுவை அகற்றி, அச்சுரப்பியின்றி நிர்ப்பீடனம் அமையாதென ஜாக் மில்லர் 1961இல் நிறுவிய பின்னரும், நோபல் பரிசு பெற்ற பீற்றர் மெடவார், தைமசுவில் நிணநீர்க்குழியங்கள் காணப்படுவது கூர்ப்பின் தற்செயல் என்றே கருதினார். முதிர்ந்தோரில் அச்சுரப்பி பயனற்றது என்னும் எண்ணம் அதன் பின்னும் நீடித்தது. சத்திரசிகிச்சையில் தைமசு அகற்றப்பட்ட வளர்ந்தோரை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, ஐந்தாண்டுக்குள் அவர்களில் நூற்றுக்கு 8.1 பேரும், ஒப்பிடப்பட்ட பிறரில் 2.8 பேரும் இறந்திருந்ததாக 2023இல் வெளிவந்த அறிக்கை கூறியது. கடைசிப் பக்கத்துக்குத் தள்ளப்படுபவை பழிவாங்காமல் விடுவதில்லை.

‘தொடக்க மாணவனுக்கு உவமையின்றிக் கற்பிக்க முடியுமா?’ என்று ஆசிரியர் சிலர் வினவுவது நியாயமே. உவமை வேண்டாம் என்று எவரும் கூறவில்லை. ஆனால் எந்த உவமை எந்த மண்ணில் விதைக்கப்படுகிறது என்பதைக் கவனித்தல் வேண்டும். இந்நாட்டிற் பரீட்சை என்பது வெறும் சொல்லன்று. எழுபதுகளின் தரப்படுத்தலிலிருந்து இன்றைய மாவட்ட ஒதுக்கீடு வரை, ஒரு வெட்டுப்புள்ளி எத்தனை வாழ்வுகளைத் திசைமாற்றியது என்பதைத் தமிழ் மாணவன் அறிவான். அத்தகையவனிடம், ஒரே பரீட்சை, ஒரே வாயில், தேறாதவன் அழிக, தேறியவனே காவலன் என்பது இயற்கையின் நியதி என்று போதிப்பது உயிரியலாகாது. இயற்கை அவ்வாறு செய்யவில்லை. நர்ஸ் சுறாவின் தைமசுவை ஆராய்ந்தோர், அங்கே இளங்கலங்கள் தம் அல்பாச் சங்கிலியின் பரம்பரையலகை இடையிலேயே மாற்றியமைக்கின்றன என்று 2018இல் வெளியிட்டனர். முதலிற் பொருந்தாத வாங்கி, திருத்தப்பட்டுப் பொருந்தும் வாய்ப்பைப் பெறுகிறது. விடைத்தாளைத் திருத்தி எழுத இடமளிக்கும் பரீட்சையை எந்தத் திணைக்களம் நடத்துகிறது?

துரோகி என்னும் சொல்லைப் பற்றியும் ஒன்று கூறாதிருக்க இயலாது. தன்னது, பிறிது என்னும் பாகுபாட்டை நிர்ப்பீடனவியலின் அடிக்கல்லாக நாட்டியவர் மக்பார்லேன் பேர்ணற். அவர் நாட்டியது கலங்களின் நடத்தையை விளக்குவதற்கு. அது பின்னர் மேடைகளில் ஏறி, சமூகத்தை உடலென்றும், அயலவனைக் கிருமியென்றும், மாற்றுக் கருத்துடையோனை அழிக்கப்படவேண்டிய கலமென்றும் பேசுவோர்க்குக் கைத்தடியாயிற்று. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே குடாவைச் சுற்றி வாழும் மாவட்டம் இது. 2006இல் மூதூரும் சம்பூரும் வெறிச்சோடியதைக் கண்ட மாவட்டம். இங்கே வகுப்பறையில் ‘துரோகிக் கலம்’ என்று வாய்தவறிச் சொல்வதும் பொறுப்பற்ற செயல். சமூகத்துக்கு நீதி கற்பிக்கத் தைமசுவை அழைப்பது எத்திசையில் நின்று அழைத்தாலும் பிழை. தன்னைப் பற்றிய கலமே காவலாகிறது என்று மறுதிசையில் இனிய கதை புனைவோரும் அதே பிழையைச் செய்பவரே. தன்னை வன்மையாகப் பற்றிய கலங்களிற் சில ஒழுங்குபடுத்தும் ரீ-கலங்களாகின்றன, சில குடலின் மேலணியிற் சென்று தங்குகின்றன, சில மடிகின்றன. சைகையின் வன்மை, காலம், அதனைக் காட்டும் கலம் ஆகியவை சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. அவ்வளவே உயிரியல் சொல்வது.

இனி, ‘இவற்றையெல்லாம் தமிழிற் கற்பிக்க முடியாது, ஆங்கிலத்திலேயே விட்டுவிடுக’ என்போர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவரைப் பயிற்றிய டாக்டர் சாமுவேல் கிறீனின் பெயரை இவர்களுக்கு நினைவூட்டுவதோடு இவ்வாதத்தை விட்டுவிடலாம். முடியாமை மொழியினது அன்று. ஆனால் தமிழாக்கம் என்ற பெயரில் ஆங்கிலச் சொல்லின் பிழையையும் சேர்த்து இறக்குமதி செய்வது வேறு குற்றம். ‘மரபுசாரா’ என்பது அத்தகைய இறக்குமதி. கலத்தின் இயல்பை அது சொல்லவில்லை. எண்ணியவனின் பழக்கத்தையே சொல்கிறது. தைமசுவிலேயே தொழிலுக்கு ஆயத்தமாகும் கலங்களை ‘முன்னாயத்த ரீ-கலங்கள்’ என்று வழங்கலாம். காமா-டெல்டாக் கலங்கள் எல்லாம் அதனுள் அடங்கா. டெல்டா-1 இனத்திற் பல, மரபுவழிக் கலங்களைப் போலவே பகையைச் சந்தித்த பின்னர் பெருகுகின்றன. மனிதரின் சளிச்சவ்வு சார்ந்த கலங்களும் தம் ஆயத்தத்தின் பெரும்பகுதியைச் சுரப்பிக்கு வெளியிலேயே பெறுகின்றன. அடங்காதவற்றை அவற்றின் சொந்தப் பெயராலேயே அழைத்தால் ஒன்றும் கெடாது. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டவேண்டும் என்னும் ஆசையே முதற்பிழை.

ஆய்வுகூட வசதி இல்லை என்பது கடைசிப் புகலிடம். கலங்களைத் தனித்தனியே நிறமிட்டு எண்ணும் பொறி விலையுயர்ந்தது என்பது மெய். ஆனால் விலங்கியல் வகுப்புகளிற் சுறாவை அறுத்துப் பார்ப்பது நெடுங்கால வழக்கம். அப்போது இதயமும் செவுள் நாடிகளும் மண்டையோட்டு நரம்புகளும் வரையப்படும்; செவுள்களின் மேற்புறத்தில் இருபக்கமும் கிடக்கும் வெளிறிய தைமசு, இடையூறான இழையமென்று சுரண்டி எறியப்படும். கொட்பேயில் அதிகாலையில் இறக்கப்படும் மீனில், சட்டத்தாற் பாதுகாக்கப்பட்ட இனங்களை விடுத்து, விற்பனைக்குரிய சிறு சுறா ஒன்றின் தலைப்பகுதியைக் கேட்டு வாங்குவதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. இளமீனாயின் சுரப்பி பெரிதாக இருக்கும், முதிர்ந்ததாயின் ஒடுங்கியிருக்கும். அதனை மெல்லிய சீவலாக்கி, ஈமற்றொட்சிலினும் இயோசினும் கொண்டு நிறமூட்டி, சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாற் கலங்கள் நெருங்கிய மேற்பட்டையும் ஐதான மையப்பகுதியும் வேறு வேறாகத் தெரியும். அல்பா-பீற்றாக் கலங்களும் காமா-டெல்டாக் கலங்களும் அச்சுரப்பியிலேயே பிறந்தவை. வளாகத்திலிருந்து கொட்பே அதிக தூரமன்று.